பல்லாவரத்திலிருந்து இரண்டு நாள்: ஏலகிரியா, ஜவ்வாதா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். வீடு பல்லாவரத்தில். சொந்தக் கார் இருக்கிறது. கூட வருபவர்கள் முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா, நட்சத்திரம் பார்க்கும் பைத்தியம் பிடித்த 13 வயதுப் பையன், 8 வயதுப் பெண். சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறது. ஏலகிரியில் ஒன்றுமே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள், ஜவ்வாது மலைக்குப் போகலாமா, அருவியில் தண்ணீர் இருக்குமா, மலையேற்றம் உண்டா, எந்த மாதம் நல்லது என்பவை உங்கள் கேள்விகள்.

நான் திருப்பத்தூர்க்காரன். பிழைப்புக்காகச் சென்னை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. லீவு கிடைத்தால் இன்னும் அந்தப் பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறேன். அதனால் கொஞ்சம் ஊர்ப் பாசம் கலந்துதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் பையனுக்காக ஜவ்வாது மலைக்குப் போங்கள். ஜனவரியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ போங்கள். ஏலகிரியை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே சனி ஞாயிறில் அடைக்கப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி முடிப்பதற்குள் அம்மாவின் முழங்காலும் குழந்தைகளின் வயிறும் சண்டைக்கு வந்துவிடும்.

ஏலகிரியில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் ஊட்டியைத் தேடிப் போனவர்கள். அந்த மலை ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம்தான். பொன்னேரியில் ஏறத் தொடங்கினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையேழு வள்ளல்கள் என்று பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். என் பெண் சின்னவளாக இருந்தபோது ஒவ்வொரு வளைவிலும் “இவர் என்ன கொடுத்தார்?” என்று கேட்பாள். பாரி தேர், பேகன் போர்வை, அதியமான் நெல்லிக்கனி வரை சமாளித்தேன். நள்ளியில் மாட்டிக்கொண்டேன். மேலே அத்தனாவூர், நிலாவூர், மங்களம் என்று 14 சிற்றூர்கள் உண்டு. புங்கனூர் ஏரியில் படகு விடுகிறார்கள், பக்கத்திலேயே பூங்கா இருக்கிறது. அவ்வளவுதான், ஆனால் வயதானவர்களோடு போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க அது போதும். அம்மாவுக்கு நடக்கவே வேண்டாத ஊர் அது.

எனக்கு ஏலகிரியில் பிடிக்காதது வார இறுதிதான். ஒருமுறை பெயர் சொல்ல விரும்பாத ஒரு விடுதியில் தங்கினோம். இரவு பதினொன்றரை வரை நீச்சல் குளத்துப் பக்கம் ஒலிபெருக்கி அலறியது. கேட்டால், “கம்பெனி குரூப் சார், ஒரு நாள்தானே” என்றார்கள். எங்களுக்கும் ஒரு நாள்தான். அங்கே அறை எடுத்தால் குழுவாக வருபவர்களுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அடுத்தது குளிர். சென்னையில் மே மாத வெயிலில் வெந்துபோய் மலைக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். இந்த மலைகளின் அடிவாரமே 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏறினால் கூடுவது 700 மீட்டருக்குள்தான். ஆக, கீழே வேலூர், திருப்பத்தூர் பக்கம் 41 டிகிரி கொளுத்தும் நாளில் மேலே 36 இருக்கும். மாலைக்கு மேல் காற்று நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கோடையில் ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதே ஸ்வெட்டர் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் உண்மையாகவே தேவைப்படும்.

அருவிக்கும் இதே கதைதான். இந்த மலைகளில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை நேர இடிமழையும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும்தான் ஓடைகளை நிரப்பும். ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பக்கத்து பீமன் அருவியும், திருப்பத்தூர் பக்கம் ஏலகிரி மலையிலிருந்து விழும் ஜலகாம்பாறையும் செப்டம்பர் முதல் ஜனவரி வரை பார்க்கத் தகுந்தவை. மார்ச்சுக்கு மேல் போனால் பாறையில் வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். நானே ஒரு மே மாதத்தில் சென்னை நண்பர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஜலகாம்பாறைக்குப் போய், காய்ந்த பாறையின் முன்னால் நின்று, “இங்கேதான் விழும்” என்று கையைக் காட்டியிருக்கிறேன். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதற்காக நவம்பரில் மழை கொட்டும்போது போகலாமா என்றால், அதுவும் வேண்டாம். மேலே எங்கோ பெய்யும் மழை நமக்குத் தெரியாது. காலடியில் தெளிவாக ஓடும் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகிக் குச்சியும் சருகும் அடித்துக்கொண்டு வந்தால், செல்ஃபி பாதியில் இருந்தாலும் கரையேறிவிட வேண்டும். காட்டாற்றில் அதற்கப்புறம் நிமிடக் கணக்குதான். மழை ஓய்ந்து இரண்டு மூன்று வாரம் கழிந்து, ஓடையில் இன்னும் தண்ணீர் மிச்சமிருக்கும் பொங்கலை ஒட்டிய நாட்கள்தான் என் தேர்வு. நீர் குறைவாக இருக்கும், ஆனால் குழந்தைகள் பயமின்றிக் கால் நனைக்கலாம். பீமன் அருவிக்கு இறங்கும் வழியில் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம். மேலேயே நிழல் பார்த்து ஒரு பாயை விரித்து உட்கார வைத்துவிடுங்கள்.

பொங்கலை ஒட்டிப் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் காவலூர். உங்கள் பையனைப் பற்றிப் படித்ததுமே எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இடம்தான்.

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில், காட்டுக்கு நடுவே சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பெங்களூரில் தலைமையகம் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துவது. 1960-களின் கடைசியில் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு தொடங்கியது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. நகர வெளிச்சம் எட்டாத காடு என்பது ஒரு காரணம். பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க முடியும் என்பது இன்னொன்று. 1972-இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி பெரிய வேலைகளைச் செய்தது. வியாழனின் துணைக்கோளான கனிமீடைச் சுற்றி வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை அதே வருடம் அது பதிவு செய்தது. 1977 மார்ச்சில் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்த கண்டுபிடிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி முழுக்க இந்தியாவிலேயே கட்டப்பட்டது. அதை உருவாக்கக் கனவு கண்ட பாப்பு 1982-இல் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து வானாய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

இதில் சென்னைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. காவலூரின் மூதாதை நுங்கம்பாக்கத்தில் இருந்தது! மழை எப்போது வரும் என்று தொலைக்காட்சியில் சொல்வார்களே, கல்லூரிச் சாலையில் உள்ள அந்த வானிலை மைய வளாகத்தில்தான் 1792 முதல் மெட்ராஸ் வானாய்வகம் இயங்கியது. 1861-இல் அங்கிருந்தே நார்மன் பாக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர். பிறகு வானாய்வு கொடைக்கானலுக்குப் போனது, அங்கிருந்து காவலூருக்குக் கிளை விட்டது. நுங்கம்பாக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் சிறுகோளைத் தேடிய காலம் ஒன்று இருந்தது என்று பையனிடம் சொல்லிப் பாருங்கள். இன்றைக்கு அங்கே நிலா தெரிந்தாலே பெரிய விஷயம்.

காவலூரில் பொதுமக்களைப் பொதுவாகச் சனிக்கிழமைகளில்தான் அனுமதிக்கிறார்கள். மாலையில் வளாகத்தைச் சுற்றிக் காட்டி, இருட்டிய பிறகு வானம் தெளிவாக இருந்தால் பார்வையாளர்களுக்கென்று உள்ள சிறிய தொலைநோக்கி வழியாகக் காட்டுவார்கள். பெரிய தொலைநோக்கியில் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை, விஞ்ஞானிகள் உட்பட. அது கருவிகளுக்கானது. இதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முகம் வாடிவிடும். மழைக்காலத்தில் இது நடக்காது, நேரமும் அவ்வப்போது மாறும். அதனால் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அறை போடுங்கள். நான் போன முதல் தடவை மேகம் மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு திரும்பினேன். இரண்டாம் தடவை சனிக் கோளின் வளையத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, “ஏம்பா, படம் ஒட்டி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் வந்திருந்தது.

தேதியை நிலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வளர்பிறை ஏழு எட்டு நாளில் போனால் தொலைநோக்கியில் நிலவின் பள்ளங்கள் நிழலோடு அற்புதமாகத் தெரியும். பௌர்ணமியில் எல்லாம் தட்டையாக வெளுத்துவிடும். அமாவாசையை ஒட்டிப் போனால் வெறுங்கண்ணாலேயே வானம் நிறைந்து கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் முன்னிரவிலேயே கார்த்திகைக் கூட்டம், சிவந்த திருவாதிரை, தெற்கே அடிவானத்துக்கு மேலே பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம் எல்லாம் வந்துவிடும். என் அப்பா அகத்தியரைக் காட்டித்தான் எனக்குத் தெற்குத் திசை சொல்லிக்கொடுத்தார். ஒரு டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி எடுத்துப் போங்கள். சிவப்பு வெளிச்சத்தில் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. செல்போன் திரையை ஒருமுறை பார்த்தாலே இருபது நிமிடப் பழக்கம் வீண்.

தங்குவது ஜமுனாமரத்தூரில். பெரிய விடுதிகளை எதிர்பார்க்க வேண்டாம். சில தனியார் விடுதிகளும் குடில்களும் உண்டு, வார இறுதிக்கு முன்பதிவு இல்லாமல் போகக்கூடாது. பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா? அறை தரைத்தளத்திலா? இரவு பத்து மணிக்கு மேல் வந்தால் கேட்டைத் திறப்பீர்களா? முழங்கால் வலிக்காரர்களுக்கு முதல் கேள்விதான் முழு பயணத்தையும் தீர்மானிக்கிறது. என் மாமனாரை ஒருமுறை கேட்காமல் கூட்டிப் போய்விட்டு, இரண்டு நாளும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தேன்.

காவலூரிலிருந்து இரவில் திரும்பும் சாலையில் விளக்கு கிடையாது, ஆள் நடமாட்டமும் குறைவு. மெதுவாக ஓட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. முயல், காட்டுப்பன்றி குறுக்கே வரலாம். பெட்ரோலைக் கீழேயே, வாணியம்பாடியிலோ ஆலங்காயத்திலோ நிரப்பிக்கொள்ளுங்கள். ரொக்கமும் கொஞ்சம் வைத்திருங்கள். சிக்னல் பல இடங்களில் போய்விடும், அப்போது போனில் காட்டும் க்யூஆர் கோடு எதற்கும் உதவாது. வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஜமுனாமரத்தூரைச் சும்மா நடந்து பாருங்கள். ஊரை ஒட்டி ஏரி இருக்கிறது, படகும் உண்டு. ஆனால் எனக்கு அந்த மலையில் பிடித்தது ஏரி இல்லை, சாமை வயல். இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்காதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேச்சு முழுக்கத் தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அவர்களே ஒரு கதை சொல்வார்கள். சாமையும் கொள்ளும் விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், புளி உலுக்குகிறார்கள். சென்னையில் சிறுதானியம் நாகரிகமாவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இவர்களுக்கு அது சாதாரணச் சோறு. ஜனவரியில் போனால் அறுவடை முடிந்த புதுச் சாமை கிடைக்கும். பழங்குடி விவசாயிகள் சேர்ந்து விற்கும் இடங்களில் வாங்குங்கள். சென்னை விலையோடு ஒப்பிட்டால் மலிவு, பேரம் பேச வேண்டாம். தேன் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் உஷார். சாலையோரத்தில் கண்ணெதிரே பிழிந்து தருவதெல்லாம் தேன் என்று நம்பிவிடக் கூடாது.

இந்த மலையின் இன்னொரு பெயர்பெற்ற பொருள் சந்தனம். திருப்பத்தூருக்கே சந்தன நகரம் என்று பெயர், வனத்துறையின் சந்தனக் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. கடத்தல்காரர்கள் புண்ணியத்தில் காட்டில் பெரிய மரங்களைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. யாராவது சாலையில் சந்தனக் கட்டைத் துண்டு என்று நீட்டினால் தொடவே தொடாதீர்கள், சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லி மாளாது.

உங்கள் பையனுக்குப் பழைய கற்களிலும் ஆர்வம் இருந்தால் கீழ்செப்பிலி பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்துக் கட்டியவை. பார்க்கக் குட்டி வீடு மாதிரி இருக்கும். அதனாலேயே முன்னொரு காலத்தில் குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்று ஊரார் கதை சொல்வார்கள். போகும் வழி ஊருக்குள் கேட்டுத்தான் தெரியும். யாராவது பெரியவர் கூட வந்தால் நல்லது. கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்க மட்டும் விடாதீர்கள்.

மலையேற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். முன்பெல்லாம் நாங்கள் நினைத்த காட்டுக்குள் நினைத்தபடி நுழைந்தோம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு நிலைமை மாறியது. அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து இணையத்தில் முன்பதிவு செய்யும்படி திறந்தது. உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கட்டணம் கூடுதல் என்று சிலர் முனகுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்தப் பணத்தில் ஒரு பங்கு மலைக்கிராமத்து இளைஞருக்கு வேலையாகிறது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ அபாயம் உள்ள பருவம், அப்போது பாதைகளை மூடிவிடுவார்கள். யூடியூபில் யாரோ போனார்கள் என்று காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். குடும்பத்தோடு போய் அபராதம் கட்டுவது கேவலமாகவும் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் எளிதான ஏற்றம் என்றால் ஏலகிரியின் சுவாமிமலை. மங்களம் கிராமத்திலிருந்து தொடங்கும், உச்சி 4,300 அடிக்குக் கொஞ்சம் மேலே. பையனுக்குச் சரியாக இருக்கும், எட்டு வயதுப் பெண்ணும் தண்ணீர் பாட்டிலை நீங்கள் சுமந்தால் ஏறிவிடுவாள். கடினமானது பர்வதமலை. ஜவ்வாதின் கிழக்குப் பக்கம், தென்மாதிமங்கலம், கடலாடி வழியாக ஏறுவார்கள். உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோவில். கடப்பாரைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று செங்குத்துப் பாறையில் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஏறும் பகுதிகள் உண்டு, பெயரைக் கேட்டாலே புரியும். அது பக்தியோடும் பயிற்சியோடும் போகிற மலை. இந்தத் தடவை உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். பையன் கல்லூரிக்குப் போனபின் அவனே உங்களைக் கூட்டிப் போகட்டும்.

வழியைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் வாணியம்பாடி சுமார் 200 கிலோமீட்டர். காலைச் சாப்பாட்டை வாலாஜா, ராணிப்பேட்டை பக்கம் முடித்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டு மக்கன் பேடாவைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், காலையிலேயே இனிப்பு ஏற்றினால் மலையில் பின் சீட்டு அனுபவிக்கும். ஆம்பூர் வந்ததும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் காலை ஒன்பதரைக்குப் பிரியாணி தின்றுவிட்டு மலையேறக் கூடாது. பார்சல் வாங்கி மேலே போய்ச் சாப்பிடுங்கள், சைவமான அம்மாவுக்குத் தயிர் சாதம் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். சைவமாக இல்லையென்றால் பிரச்சினையே இல்லை.

வாணியம்பாடியில் இடது பக்கம் பிரிந்து ஆலங்காயம், அப்புறம் மலை. ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரியாதை. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் இறங்குங்கள், ஏறிய கியரிலேயே இறங்கு என்பார் எங்கள் ஊர் லாரி ஓட்டுநர் ஒருவர். வாந்தி வரும் குழந்தைக்கு மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும், வளைவு தொடங்கியபின் கொடுத்தால் மாத்திரையும் வெளியே வரும்.

கார் இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால்: சென்ட்ரலிலிருந்து மாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏலகிரிக்குப் பேருந்து உண்டு. ஜவ்வாதுக்கு என்றால் திருப்பத்தூரிலிருந்தோ போளூரிலிருந்தோ ஜமுனாமரத்தூர் பேருந்தைப் பிடிக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு, கடைசிப் பேருந்தை விட்டால் அவ்வளவுதான்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். போளூர் பக்கம் இறங்கி, ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் வழியாக வந்தால் பல்லாவரத்துக்கு அதுதான் வசதி, நெடுஞ்சாலையின் ஞாயிறு மாலைக் கூட்டமும் தொல்லை செய்யாது. வேலூர் பக்கம் போக வேண்டுமானால் நம்மியம்பட்டு வழியாக அமிர்தி இறங்கலாம். அங்கே வனத்துறையின் சிறிய விலங்குப் பூங்கா இருக்கிறது. உங்கள் பெண்ணுக்குப் பிடிக்கும். வண்டலூர் பார்த்த பையனுக்குப் பிடிக்காது. ஆரணியில் அம்மா பட்டுக்கடையைப் பார்த்துவிட்டால் ஒரு மணி நேரம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் மலையிலிருந்து மதியம் ஒரு மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது.

செய்யாறு ஊரைத் தாண்டிக் காஞ்சிபுரம் வரும்போது பாலாற்றுப் பாலம் வரும். பெரும்பாலும் மணல்தான் தெரியும். குழந்தைகள் தூங்காமல் இருந்தால் அங்கே வண்டியை ஓரம் கட்டிக் கிழக்கே கை காட்டுங்கள். ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு, கொஞ்ச தூரத்தில் திருமுக்கூடலில்தான் பாலாற்றோடு கலக்கிறது. அந்த மணலுக்கு அடியிலிருந்து இறைக்கும் தண்ணீர்தான் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் குழாய்களுக்கு வருகிறது.